அகராதி மேசையில் இருபது ஆண்டுகள்: வாங்கியவை, வைத்துக்கொண்டவை, கொடுத்துவிட்டவை

மெய்ப்புத் திருத்துவதும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் என் தொழில். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அகராதிகளை நாள்தோறும் புரட்டிவருகிறேன். புத்தகக் காட்சியில் அகராதி வாங்க நிற்பவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “இதில் எத்தனை சொல் இருக்கிறது?” என்பதுதான். நானும் அப்படிக் கேட்டு வாங்கியவன்தான். என் முதல் தமிழ் அகராதி கையில் பிடிக்க முடியாத தடிமன் கொண்டது. அட்டையிலேயே சொற்களின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பகர வரிசையில் பதினாறு பக்கங்கள் இரண்டு முறை கட்டப்பட்டிருந்தன. மகர வரிசையின் தொடக்கத்தையே காணவில்லை. அச்சகத்தில் ஃபாரம் (ஒன்றாக மடித்துக் கட்டும் பக்கத் தொகுப்பு) மாறிப்போனது யாருக்கும் நேரக்கூடிய தவறு என்று அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. ‘ஏளனம்’ என்ற சொல்லுக்கு ‘இகழ்ச்சி’ என்று பொருள் போட்டிருந்தார்கள். ‘இகழ்ச்சி’யைத் தேடிப் போனால் அங்கே ‘ஏளனம்’ என்றிருந்தது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நூலில் லட்சம் சொற்கள் இருந்தாலும் எனக்கு ஆவது ஒன்றுமில்லை என்பது புரிய ஓராண்டு ஆனது.

அதன்பின் எந்த அகராதியைக் கையில் எடுத்தாலும் ‘கெடு’ என்ற சொல்லை எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ‘பால் கெட்டது’ என்பதும் ‘பிள்ளையைக் கெடுத்தான்’ என்பதும் ஒரே பகுதியிலிருந்து பிறந்தாலும் தன்வினையும் பிறவினையுமாகப் பிரிந்து வெவ்வேறு விதமாகக் காலம் காட்டுகின்றன. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் இரண்டையும் ஒரே பதிவில் போட்டுக் கலக்கிவிடும் அகராதி, தமிழை வீட்டில் பேசி வளர்ந்தவருக்கு வேண்டுமானால் போதும். தமிழைக் கற்பவருக்கும் ஐயத்தோடு எழுதுபவருக்கும் போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ‘கெடு-தல்’, ‘கெடு-த்தல்’ என்று தலைச்சொல்லிலேயே பிரித்து, வினை எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் எண்ணால் குறிக்கிறது. க்ரியா பதிப்பகத்தின் அகராதி ‘கெட, கெட்டு’, ‘கெடுக்க, கெடுத்து’ என்று எச்ச வடிவங்களைக் கொடுத்துவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு வழிகள்தாம், ஆனால் இரண்டும் வேலையை முடிக்கின்றன.

என் மேசையிலிருந்து அலமாரிக்கே போகாத நூல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. முதல் பதிப்பு 1992-இலும் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 2008-இலும் மூன்றாம் பதிப்பு 2020-இலும் வெளிவந்தன. முதல் இரண்டையும் பக்கம் பழுக்கும்வரை பயன்படுத்தியிருக்கிறேன். பொருளைத் தமிழில் விளக்கமாகச் சொல்லி, ஆங்கிலத்திலும் தந்து, அச்சொல் இன்று எப்படிப் புழங்குகிறது என்பதற்கு ஒரு வாக்கியத்தையும் வைப்பது அதன் முறை. அந்த வாக்கியந்தான் எனக்கு அகராதியின் உயிர். ‘அனுசரி’ என்ற வினையைக் கேளுங்கள். பண்டிகையையோ விரதத்தையோ அனுசரிப்பதும், கூட்டுக் குடும்பத்தில் ஒருவரையொருவர் அனுசரித்துப் போவதும் வேறு வேறு செயல்கள். இதை விளக்கம் எவ்வளவு நீண்டாலும் எடுத்துக்காட்டு இல்லாமல் உணர்த்த முடியாது. அதேபோல் பேச்சு வழக்கு, உயர் வழக்கு, அருகிவரும் வழக்கு என்ற குறிப்புகளை முதல் சில ஆண்டுகள் கண் தாண்டிப் போனேன். இப்போது பொருளைவிட அவற்றையே முதலில் பார்க்கிறேன். ஒரு சொல்லின் பொருள் எனக்குத் தெரிந்திருக்கலாம். அதை வழக்கறிஞரின் கடிதத்தில் வைக்கலாமா, பாட்டியின் வாயில் வைக்கலாமா என்பதில்தான் தடுமாற்றம்.

இந்தக் குறிப்புகளின் அருமையை எனக்கு உணர்த்தியது நான் செய்த ஒரு பிழை. தொழிலுக்கு வந்த புதிதில் யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு மெய்ப்புக்கு வந்தது. ‘ஆறுதலாக இருந்து கதைத்தார்கள்’ என்ற வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, யாரோ யாருக்கோ ஆறுதல் சொல்கிறார்கள்போலும் என்று எண்ணிக்கொண்டு, ‘கதைத்தார்கள்’ என்பதையும் ‘பேசினார்கள்’ என்று திருத்தி அனுப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஓரத்தில் பென்சிலால், “ஆறுதலாக என்றால் எங்களுக்கு அவசரமில்லாமல் என்று பொருள், தம்பி. நாங்கள் பேசுவதில்லை, கதைப்போம். பேசினால் அது ஏச்சு” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அப்போது என்னிடம் இருந்தது க்ரியாவின் முதல் பதிப்பு. இலங்கை வழக்குச் சொற்களைத் தனிக் குறியீட்டோடு சேர்த்தது இரண்டாம் பதிப்பு. பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க நினைப்பவர்களுக்கு இதை ஒரு காரணமாகவே சொல்வேன்.

க்ரியாவுக்கு எல்லை உண்டு. அது தற்காலத் தமிழுக்கானது. கம்பனையோ சங்கப் பாட்டையோ அதை வைத்துக்கொண்டு படிக்க முடியாது. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை விட்டால் வேறு வழியில்லை. 1913-இல் மிஷனரி சாண்ட்லரின் பொறுப்பில் தொடங்கி, 1926 முதல் வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாசிரியப் பொறுப்பில் வளர்ந்து, 1924-க்கும் 1936-க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த அதில் 1,04,000-க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. பின்னர் வந்த பின்னிணைப்பில் இன்னும் 13,000-க்கு மேல். நான் இதை மதிப்பது இந்த எண்களுக்காக அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எந்த நூலில் ஆளப்பட்டிருக்கிறது என்ற மேற்கோள் அடைப்புக்குள் நிற்கிறதே, அதற்காக. க்ரியாவில் எடுத்துக்காட்டு வாக்கியம் செய்யும் வேலையை இங்கே மேற்கோள் செய்கிறது.

மேற்கோளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. பேரகராதியில் ஒரு பொருளுக்கு எதிரே ‘குறள்’ என்றோ ‘புறநா.’ என்றோ இருந்தால், ஒரு புலவர் அச்சொல்லை அப்பொருளில் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார் என்று நம்பலாம். ‘பிங்.’, ‘திவா.’, ‘சூடா.’ என்று மட்டும் இருந்தால், அது பிங்கலம், திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகளில் (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் தொகுப்புகளில்) பட்டியலிடப்பட்ட பொருள் என்றுதான் கொள்ள வேண்டும். பாட்டில் ஆட்சி பெற்றதற்கு அங்கே வேறு சான்று தரப்படவில்லை. ‘மா’ போன்ற ஓரெழுத்துச் சொல்லை எடுத்தால் விலங்கு, மாமரம், கருமை, நில அளவு என்று தொடங்கிப் பொருள்கள் வரிசையாக நிற்கும். புதிதாகப் படிப்பவர் அந்த வரிசையில் தமக்கு வசதியானதைப் பொறுக்கிக்கொண்டு பாட்டுக்குப் புதுப் பொருள் கண்டுவிட்டதாக மகிழ்ந்துவிடுவார். நானும் ஒருமுறை அப்படி மகிழ்ந்து, ஒரு தமிழாசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வட்டார வழக்கைக் காட்டும் சுருக்கக் குறிகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டு அகராதியாசிரியர் வின்ஸ்லோவிடமிருந்து எடுத்ததைக் காட்டும் குறியும் அதில் உள்ளன; முதல் தொகுதியின் சுருக்கக் குறிப்புப் பட்டியலை நகலெடுத்து ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் செருகி வைத்திருக்கிறேன். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் பேரகராதியைப் பயன்படுத்துவது பாதிக் கண்ணால் பார்ப்பதற்குச் சமம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் பேரகராதி முழுவதும் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. பணம் குறைவாக உள்ளவர் அச்சு நூலுக்காக ஏங்க வேண்டியதில்லை. அவசரத் தேவைக்கு நானும் அதைத்தான் திறக்கிறேன். தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் உள்ள சொற்களில் கண் மேய்வது மட்டும் திரையில் நடப்பதில்லை. பெரும்பாலும் நான் தேடாத சொல்தான் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

வின்ஸ்லோவின் 1862-ஆம் ஆண்டு அகராதியும் ஃபப்ரீசியஸின் வழிவந்த அகராதியும் மிஷன் மரபில் பிறந்தவை; தமிழுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்பவை. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயச் சொற்களும் மருத்துவச் சொற்களும் சோதிடச் சொற்களும் கிடைக்கின்றன. அக்காலத்து உரைநடையைப் படிக்கும்போது அது தனித் துணை. ஃபப்ரீசியஸ் கைக்கு அடக்கமானது. கூட்டுச் சொற்களையும் சொற்றொடர்களையும் தலைச்சொல்லின் கீழேயே கொத்தாகத் தொகுத்திருப்பதால், ‘கை’ என்ற ஒரு பதிவைப் படித்தாலே கைகொடு, கைவிடு, கைகூடு, கைம்பெண் என்று ஒரு குடும்பத்தையே பார்த்துவிடலாம். கற்பவருக்கு இரண்டில் ஒன்று மட்டும் வாங்கித் தரச் சொன்னால் ஃபப்ரீசியஸையே வாங்குவேன்.

சொற்பிறப்பில் ஆர்வம் உள்ளவர்கள், பேரகராதி எதை வடசொல் என்கிறது, பாவாணர் வழிவந்த சொற்பிறப்பியல் பேரகரமுதலி அதை எப்படி மறுக்கிறது என்ற வழக்கிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுவதைப் பார்க்கிறேன். அந்த வழக்கில் நான் நடுவரல்லன். எனக்கு நிறைவு தந்தது மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி. 1961-இல் வெளிவந்து, 1984-இல் திருத்திய பதிப்பைக் கண்ட அந்நூல், ஒவ்வொரு சொற்குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, தமிழில் தொடங்கி மற்ற உறவு மொழிகளின் வடிவங்களை அடுக்குகிறது. விளக்கவுரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ‘கண்’ என்ற நம் சொல் கன்னடத்தையும் தெலுங்கையும் கடந்து, பலூசிஸ்தானத்தில் பிராகுயி என்ற திராவிட மொழி பேசுபவர் வாயில், முதலெழுத்து மட்டும் தொண்டையில் உரசும் ஒலியாக மாறி, இன்றும் கண்ணையே குறித்துக்கொண்டிருப்பதை அந்த ஒற்றைப் பதிவில் முதன்முதலாகக் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் அகராதிகளில் எனக்கு மனக்குறை அதிகம். சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பெரும் உழைப்பு; தாவரம், விலங்கு, சட்டம் என்று எந்தத் துறைக்குப் போனாலும் ஒரு தமிழ்ச் சொல்லாவது கிடைக்கும். ஆனால் ‘இஷ்யூ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிரச்சினை, இதழ், வழங்கல், வெளியீடு, சந்ததி என்று பொருள்கள் எதிர்நிற்கும்போது, நீதிமன்ற ஆவணத்தில் வரும் ‘இஷ்யூ’வுக்கு எது பொருந்தும் என்பதைச் சொற்பட்டியலால் சொல்ல முடியாது, அங்கே ஆங்கில விளக்கமும் வாக்கியமும் வேண்டும். அதனால்தான் ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் என்ற அமைப்பில் வரும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை இந்தத் திசைக்கு முதலாவதாகச் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு லிப்கோவின் அகராதி இன்றைக்கும் போதும்.

இருமொழி நூல்களுக்கும் என் கேள்வி அதேதான்: மொழிபெயர்ப்பாளர் தாம் செய்ததைச் சரிபார்க்க நமக்கு இடம் கொடுக்கிறாரா? ஜி.யு. போப்பின் ஆங்கிலத் திருக்குறள் மொழிபெயர்ப்பு (1886) எதுகை இயைபோடு செய்யுளில் ஓடுவது. முதல் குறளின் ‘உலகு’ என்ற ஒரு சொல், முந்தைய அடி ‘மெய்ன்டெய்ன்ஸ்’ என்று முடிந்துவிட்டதால், ‘டொமைன்ஸ்’ என்ற வாலோடு உலகின் ஆட்சிப் பரப்புகளாக நீண்டுவிடுகிறது. ட்ரூவும் அவர் விட்ட இடத்திலிருந்து லாசரஸும் செய்த உரைநடை மொழிபெயர்ப்பில் இந்த வால் இல்லை. ஆகவே போப்பை மட்டும் வாங்கிக் குறள் படிப்பதைவிட, இவர்களையும் சேர்த்து அச்சிட்ட பதிப்பை வாங்குவது நல்லது. போப்பின் மூலப் பதிப்பில் மதிப்பு மிக்கது, என் கணக்கில், செய்யுளன்று. நூலின் கடைசியில் குறளின் சொற்களைப் பொருளோடும் குறள் எண்ணோடும் அவர் அகர வரிசையில் தொகுத்திருக்கும் பகுதிதான். மறுபதிப்பு வாங்குகிறவர்கள் அந்தப் பகுதி விடுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சங்க இலக்கியத்துக்குத் தமிழ் ஆய்வாளர் ஏவா வில்டனின் நற்றிணை (2008), குறுந்தொகை (2010) பதிப்புகள் என் வாசிப்பையே மாற்றின. மூலம், சுவடிகளின் பாடவேறுபாடுகள், சந்தி பிரித்த வடிவம், சொல்லுக்குச் சொல் ஆங்கிலம், பிறகு முழு மொழிபெயர்ப்பு என்று எல்லாப் படிகளையும் அவை திறந்து காட்டுகின்றன. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற அடியில் ‘அஞ்சிறை’யை ‘அம் சிறை’ என்று பிரித்தால் அழகிய சிறகு. ‘அகம் சிறை’ என்று கொண்டால், உ.வே.சா. உரை சொல்வதுபோல், உள்ளிடத்துச் சிறகு. பாட்டை மட்டும் ஒருபக்கமும் மொழிபெயர்ப்பை மறுபக்கமும் வைக்கும் அழகான நூல் எதுவானாலும், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைப் பற்றி மூச்சுவிடாமல் போய்விடும். ஆங்கில நடை சற்றுக் கரடுமுரடாக இருக்கிறதென்று வில்டன் பதிப்பை ஒதுக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். விலையும் பருமனும் தனிவாசகரை அச்சுறுத்துவது உண்மை. நூலகத்தில் ஒருமுறை புரட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அயல்நாட்டில் வளரும் என் அண்ணன் மகளுக்குத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகளை அனுப்பிவருகிறேன். அவள் ஆங்கில வரியைப் படித்து முடித்துவிட்டுத் தமிழ் வரியை வேண்டாவெறுப்பாகப் பார்க்கிறாள் என்று அண்ணி குறைபட்டார். ஆங்கில வரியின்மேல் ஒரு தாள் துண்டை ஒட்டி அனுப்பத் தொடங்கிய பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது.

முதன்முதலாக வாங்குபவருக்கு என் வரிசை இது: க்ரியாவின் புதிய பதிப்பு; அதோடு ஆக்ஸ்ஃபோர்டு. பேரகராதியை இரண்டு மூன்று ஆண்டுகள் தளத்திலேயே பயன்படுத்துங்கள். வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் போகிறீர்கள் என்றால் அச்சுத் தொகுதிகளைத் தேடலாம். வாங்கியதும் கடையிலேயே நின்று ஃபாரம் ஃபாரமாகப் பக்க எண்ணைச் சரிபாருங்கள். வின்ஸ்லோவின் மறுபதிப்பு என்னிடம் முதுகு பிரிந்து பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. கூடவே முதல் அகராதியையும் கொடுத்து, இரட்டிப்பாய் உள்ள பதினாறு பக்கங்களைப் பிரித்தெடுத்துவிடச் சொன்னேன். “மகரம் இல்லாத அகராதியை எதற்கு சார் பைண்ட் பண்றீங்க?” என்று கடைக்காரர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அதைக் கட்டில் சேர்த்து ரசீது போட்டுவிட்டார்.