சிப்பரா, எவர்சில்வர் டம்ளரா?

ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பால் புட்டியை நிறுத்த நினைக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் முதலில் வாங்கப்படுவது மூக்கு வைத்த சிப்பர்தான். கவிழ்ந்தாலும் கொட்டாது என்பதால் பேருந்துப் பயணத்துக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் கொட்டாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் வால்வு, புட்டியில் உறிஞ்சியதைப் போலவே குழந்தையை உறிஞ்ச வைக்கிறது. அதன் மடிப்பில் தங்கும் பால், தனியே கழற்றித் தேய்க்காவிட்டால் அன்றைக்கே புளித்து நாறும்.

சிறிய எவர்சில்வர் டம்ளரில் குடிக்கும் குழந்தையோ, கீழுதட்டை விளிம்பில் பதித்து, டம்ளரைத் தானே சாய்த்து, ஒவ்வொரு மிடறாக அளந்து விழுங்கப் பழகுகிறது. முதல் சில நாட்கள் சட்டை நனையத்தான் செய்யும். ஓர் அங்குல உயரத்துக்கு மட்டும் ஊற்றி, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, டம்ளரின் அடியை நாம் ஒரு விரலால் தாங்கிக்கொண்டால் போதும். கழுவுவதற்கோ ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் டம்ளர், வெளியூருக்கு மட்டும் சிப்பர் என்பதே என் தேர்வு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 12 முதல் 18 மாதங்களுக்குள் புட்டியை நிறுத்தச் சொல்கிறது. பகல் வேளைப் புட்டிகளை முதலில் மாற்றி, தூங்கும் நேரத்துப் புட்டியைக் கடைசியாக நிறுத்துவது எளிது. ஆனால் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகக் கூடாது. வாயில் பாலோடு தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகின்றன. சிப்பரில் பாலை ஊற்றிப் படுக்கையில் கொடுத்தாலும் அதே கேடுதான்.