தண்ணீர் உரிமைக்கு ஆதாரம்: இணையமா, மனுவா, நேரில் பார்ப்பதா?

தாமிரபரணிப் பாசனத்தின் பாளையங்கால்வாயில், கடைமடையில் கார் பருவ நெல் வாடும்போது எழும் தகராறு எல்லாம் ஒரே கேள்வியில்தான் முட்டி நிற்கிறது. எந்த மடைக்கு எவ்வளவு தண்ணீர் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?

கைக்கு எளிதில் எட்டுவது இணையத்தில் உள்ள அ-பதிவேடு, அதாவது வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு. புல எண்ணைக் கொடுத்தால் நிலம் நன்செயா புன்செயா, பாசன ஆதாரம் எது, இருபோகமா, தீர்வை எவ்வளவு என்று வந்துவிடும். நம் வயல் ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பில், உண்டு என்று நிரூபிக்க இது போதும். ஆனால் எந்தத் தேதியில் எவ்வளவு திறந்தார்கள் என்பது அதில் இராது. அந்தக் கணக்கு நீர்வளத்துறையிடம் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகம் தலைமுறை கடந்த வழக்குகளுக்கு உதவும். இந்தப் போகத்துப் பயிரைக் காப்பாற்றாது.

அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். இங்கேதான் நம்மவர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். “எங்கள் மடைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இருக்கிற ஆவணத்தைத் தருவதுதான் அலுவலரின் கடமை; விளக்கம் எழுதித் தருவது அன்று. “பழவூர் அணைக்கட்டில் பாளையங்கால்வாய்த் தலைமதகின் நீர்மட்டப் பதிவேடு, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, நகல் வேண்டும்” என்று கேளுங்கள், தட்டிக்கழிக்க இடமிருக்காது.

ஆனாலும் நகல் கேட்பதைவிட ஆவணத்தை நேரில் பார்வையிடக் கேட்பதே மேல் என்பேன். சட்டத்தின் 2-ஆம் பிரிவே அந்த உரிமையைத் தருகிறது, குறிப்பும் எடுக்கலாம். கோப்பின் பெயர் தெரியாத விவசாயி எதன் நகலைக் கேட்பார்? மேசையில் ஒரு பதிவேட்டைப் புரட்டினால் அது அடுத்ததைக் காட்டிக்கொடுக்கும். அடித்துத் திருத்திய இடமும், எழுதாமல் விட்ட நாளும் கண்ணில் படும். வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் செலவும் குறைவு. மடைகளை நன்கு அறிந்த ஒரு பெரியவரையும் உடன் அழைத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். ஒருநாள் கூலி போகும் என்பது உண்மைதான். அது சிறு விவசாயிக்குப் பெரிய இழப்பு.

பாபநாசம் அணை நெல்லையில் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டோ 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில். எந்த அலுவலகம் என்று குழம்ப வேண்டாம். மனு இடம் மாறிப் போனால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும்.

உண்மையில் இந்த அலைச்சலே கூடாது. கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அணையின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறது. தாமிரபரணியின் 86,107 ஏக்கர் ஆயக்கட்டுக்கும் கால்வாய் வாரியான அளவை அதேபோல் ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும். இதை அடுத்த கிராமசபையில் தீர்மானமாகவே கேட்கலாம்.