மாபினோகியன்: சத்தமா படிச்சாதான் செட் ஆகுது

வேல்ஸ் நாட்டோட இடைக்காலக் கதைங்க, மொத்தம் 11. வெள்ளைப் புத்தகம், சிவப்புப் புத்தகம்னு ரெண்டு பழைய கையெழுத்துப் பிரதில எழுதி வச்சதாலதான் தப்பிச்சிருக்கு. 19ஆம் நூற்றாண்டுல சார்லட் கெஸ்ட் அம்மா போட்ட இங்கிலீஷ் வெர்ஷன் நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், ஆனா நடை பழசு, கொஞ்சம் பச்சையான இடத்தையெல்லாம் பூசி மெழுகிட்டாங்க. நான் சொல்றது ஷோனெட் டேவிஸ் மொழிபெயர்ப்பு, 2007ல ஆக்ஸ்ஃபோர்டு போட்டது. இதெல்லாம் சபையில சொல்லிக் கேட்ட கதைங்கறத மறக்காம பண்ணிருக்காங்க, அதனால மனசுக்குள்ள படிக்காம வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, வேற லெவல்ல இருக்கு.

முதல் கதையில ரியானன் வர்ற சீன் ஒண்ணு போதும். அந்தம்மா குதிரைல மெதுவாத்தான் போகுது, ஆனா பின்னாடி எவ்ளோ வேகமா விரட்டினாலும் யாராலயும் பிடிக்க முடியல, ஆள் மாத்தி குதிரை மாத்தி விரட்டிப் பாத்துட்டு கடைசில ராஜா புவில்லே கிளம்பி, அவருக்கும் முடியாம, கொஞ்சம் நில்லும்மான்னு கத்துறாரு. சந்தோஷமா நிக்கறேன், இத முன்னாடியே கேட்டிருந்தா உன் குதிரைக்காவது நல்லா இருந்திருக்கும்னு ஒரு போடு போடுது பாருங்க! ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற அந்த விரட்டல் கண்ணால படிச்சா போர், சத்தமா சொன்னா அந்த பதிலுக்கு சிரிப்பு தன்னால வரும்.

ப்ரான்வென் கதை நேர் எதிர், செம சோகம். அயர்லாந்துக்கு கட்டிக் கொடுத்த பொண்ண அடுப்படில போட்டு அடிச்சு வேலை வாங்குறாங்க, அவ மாவு பிசையற தொட்டி ஓரத்துலயே மைனா மாதிரி ஒரு பறவைய (ஸ்டார்லிங்) வளத்து, பேச்சு சொல்லிக் கொடுத்து, சிறகுல லெட்டர் கட்டி அண்ணனுக்கு அனுப்புறா. அண்ணன் ஒரு ராட்சசன், கப்பல் கொள்ளாது, கடல நடந்தே தாண்டி வர்றான். அங்க செத்தவங்கள உயிரோட எழுப்புற கொப்பரை ஒண்ணு இருக்கு, எழுந்து வருவாங்க, சண்டையும் போடுவாங்க, ஆனா பேச்சு மட்டும் வராது. படிச்சப்ப புல்லரிச்சிடுச்சு.

எல்லாமே சூப்பர்னு சொல்ல மாட்டேன். கில்ஹுக் கதையில அர்தர் ராஜாவோட அரண்மனை ஆளுங்க பேரு மட்டும் பக்கம் பக்கமா போகுது, தாராளமா தாண்டிப் போங்க, ஆனா அதுல வர்ற காட்டுப்பன்னி வேட்டைய விட்றாதீங்க, பன்னி காது நடுவுல சீப்பும் கத்திரியும்! கெரைன்ட் கதைதான் எனக்கு சுத்தமா ஒத்து வரல, பேசாதேன்னு பொண்டாட்டிய மிரட்டிக்கிட்டே போறான், அவ ஒவ்வொரு தடவையும் பேசித்தான் அவன் உயிரக் காப்பாத்துறா, அதுக்கும் திட்டு வேற.

பேருங்கள வாசிக்க நாக்கு சுளுக்கும், உச்சரிப்புக்கு ஒரு கைடு குடுத்திருக்காங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துருங்க. விளக்கக் குறிப்பு எல்லாம் கடைசில இருக்கு, அடிக்கடி முன்னும் பின்னும் புரட்டணும், அதனால பேப்பர்பேக்கே பெட்டர். அஞ்சுக்கு நாலரை.