குடும்ப விருந்துக்குப் பாசிக்குடாவா, காத்தான்குடியா, வாவிக்கரையா?

வெளிநாட்டிலிருந்து ஆடி, ஆவணியில் ஊருக்கு வரும் உறவினரை ஒருமுறையாவது வெளியே அழைத்துச் சென்று உபசரிப்பது மட்டக்களப்புக் குடும்பங்களில் இப்போது ஏறத்தாழக் கடமையாகிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டைத்தான் அவர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். ஆனால் பதினைந்து, இருபது பேர் ஒன்றாகக் கூடினால், சமைக்கிறவர்கள் குசினியை விட்டு வெளியே வராமலே அந்த நாள் முடிந்துபோகிறது. எங்கள் வீட்டில் இடம் பார்ப்பது, முற்பணம் கட்டுவது, பில்லைத் தீர்ப்பது ஆகிய மூன்றும் என் தலையில் விழுந்த வேலைகள். பாசிக்குடாக் கடற்கரை ஹொட்டல், காத்தான்குடி உணவகம், நகரத்து வாவிக்கரை உணவகம் என்று மூன்று வகை இடங்களையும் சென்ற ஆண்டு விசாரித்துப் பார்த்து, வாவிக்கரையைத் தெரிவுசெய்தேன்; அடுத்த முறையும் அதையே தெரிவுசெய்வதாக இருக்கிறேன். எனவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தவறணைகளையும் வெறும் மதுச்சாலைகளையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைகுட்டிகளோடு போகும் இடங்கள் அல்ல அவை. அறுகம்குடாவையும் விட்டுவிடுகிறேன். அலைச்சறுக்குக்கு வருவோரை நம்பி நடக்கும் அங்குள்ள உணவகங்களில் நான் சாப்பிட்டது குறைவு. மேலும், நகரத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து இராச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நடக்கிற காரியமல்ல. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

முதலில் பாசிக்குடா. நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர், வாழைச்சேனையைத் தாண்டி கல்குடாப் பக்கம் திரும்ப வேண்டும். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் அங்கே வரிசையாக எழுந்த ஹொட்டல்களின் அழகையும், நெடுந்தூரம் நடந்துபோனாலும் ஆழம் அதிகம் ஏறாத அந்தக் கடலையும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் குளிக்க அதைவிடப் பாதுகாப்பான கடல் கிழக்கில் கிடையாது என்றே நினைக்கிறேன். சாப்பாட்டைப் பொறுத்தவரை புபேதான் அங்குள்ள பெரிய வசதி. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மச்சம் சாப்பிடாதவருக்கும், சீனி வருத்தம் உள்ளவருக்கும், கறியைத் தொடாமல் பழப்பூந்தியிலே குறியாக இருக்கும் சிறுவருக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

ஆனால் புபே என்பது அறைகளில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்கள் குறைந்த நாளில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில், புபே போடாமல் ஏற்கெனவே வகுத்த மூன்று, நான்கு வகை உணவுகளை மேசைக்குக் கொண்டுவருவார்கள்; விலை மட்டும் பெரிதாக இறங்காது. கறிகளின் உறைப்பு வெள்ளைக்காரரின் நாக்குக்கு ஏற்றபடி இருப்பதால், கனடாவிலிருந்து வந்த மச்சான் கூடப் பச்சைமிளகாய் கேட்டு வாங்கிக் கடித்தார். இரவில் திரும்பி வரும் பாதையில் மாடுகள் படுத்திருக்கும். வானை ஓட்டுகிறவர் ஒரு மிடறும் குடிக்காதவராக இருந்தாக வேண்டும். மதிய விருந்தென்றால் பாசிக்குடாவை மறுக்க எனக்குக் காரணமில்லை. இரவு விருந்துக்கு மறுப்பேன்.

காத்தான்குடி இதற்கு நேர் எதிர். நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியில் வாகனத்தை நிறுத்த இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மது கிடையாது என்பதால் பெண்களும் முதியவர்களும் எந்தக் கூச்சமுமின்றி இருக்கலாம். பல இடங்களில் குடும்பங்களுக்கென்று தடுப்பு மறைத்த பகுதியும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் ஒழுங்கு செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். சோறு, இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு, கடைசியில் வட்டிலப்பம் என்று அது வரும் ஒழுங்கே தனி. விலைப்பட்டியலில் உள்ள தொகைதான் பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். நோன்பு மாதத்துப் பகல்களையும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் தவிர்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் அங்கே போகவில்லை என்று கேட்கலாம். அந்த இடங்கள் வேகமாகச் சாப்பிட்டு எழும்புவதற்கானவை. சாப்பாடு முடிந்து கை கழுவிய பின்னும் ஒரு மணித்தியாலம் இருந்து பழங்கதை பேசும் கூட்டத்தை, அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும்போது, எவ்வளவு நேரம்தான் அவர்கள் பொறுப்பார்கள்? இன்னொன்று, எங்கள் குடும்பத்து ஆண்களில் சிலர் விருந்தென்றால் இரண்டு பியராவது எதிர்பார்க்கிறவர்கள். மது இல்லாத இடத்துக்குப் போனால் அவர்கள் "போன் ஒன்று எடுக்க வேண்டும்" என்று ஒவ்வொருவராக வானுக்குப் போய்வருவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு மாமி வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்த மேசையைவிட, எல்லோர் கண்முன்னாலும் அளவோடு குடிக்கக்கூடிய மேசை மேலென்பது என் அபிப்பிராயம். நான் குடிப்பதில்லை, ஆகையால் எந்த இடத்தின் மதுப் பகுதி நல்லது என்பதைப் பற்றிக் குடிக்கிறவர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும். பாசிக்குடாவில் தெரிவு அதிகம், விலையும் அதிகம், நகரத்தில் லயன் பியரும் தென்னஞ்சாராயமும் கிடைத்தால் போதுமென்று அவர்கள் சொல்கிறார்கள்.

இனி வாவிக்கரை. கல்லடிப் பாலத்தின் இரு பக்கங்களிலும், புளியந்தீவைச் சுற்றியும், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் நடுத்தர உணவகங்களையே குறிப்பிடுகிறேன். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்பதைக் காட்டி, வந்தவர்களுக்குப் பழங்கதை சொல்ல வசதியான இடம். காற்றும் காட்சியும் எல்லோருக்கும் தெரிந்தவை. இந்த இடங்களில் சாப்பிட்ட அனுபவம் நல்லதாகவோ கெட்டதாகவோ அமைவதற்கு அவை காரணமல்ல. கேட்ட சாப்பாடு எப்போது, எந்த ஒழுங்கில் மேசைக்கு வருகிறது என்பதே காரணம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நகரத்து உணவகங்களைப் பற்றி நான் கேட்டிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றில்தான் போய் முடிகின்றன. நாங்கள் ஒருமுறை முன்னறிவித்தலின்றிப் பதினெட்டுப் பேராகப் போயிருந்த வாவிக்கரை உணவகம் ஒன்றில், "அரை மணித்தியாலம்" என்று சொல்லி எல்லோரிடமும் தனித்தனியாக ஓடர் எடுத்தார்கள். முதலில் ஆண்கள் மதுவோடு கொறிக்கும் பைட்ஸ் வந்தது. பிறகு இரண்டு பிரைட் ரைஸ். அதற்கு நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு கொத்து. நண்டுக்கறி வந்து சேர்ந்தபோது சிறுவர்கள் கதிரைகளில் உறங்கிவிட்டிருந்தார்கள். சுவையில் ஒரு குறையுமில்லை. ஆனால் ஒரே மேசையில் இருந்தும் யாரும் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை.

வெயிட்டர்கள் சோம்பேறிகள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. உண்மையான காரணம் தாச்சி. நடுத்தர உணவகத்தின் குசினியில் பெரிய அடுப்புகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றில் தாச்சி போட்டு நிற்பவர் பெரும்பாலும் ஒரே கோக்கி. பிரைட் ரைஸ், நூடில்ஸ், டெவல் செய்த இறால், கணவாய், கோழி எல்லாம் அந்த ஒரே தாச்சியில்தான், ஓடர் ஒவ்வொன்றாக, உருவாக வேண்டும். சனிக்கிழமை இரவில் மது அருந்தும் மேசைகளிலிருந்து நிமிடத்துக்கொரு பைட்ஸ் ஓடர் அதே தாச்சிக்குப் போகிறது. அது சிறிய தட்டு, விரைவில் முடியும், அடுத்த போத்தலையும் விற்றுத்தரும் என்பதால் அதற்கே முதலிடம். குடும்ப மேசையின் எட்டு வகைப் பிரைட் ரைஸ் வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறது. இதற்கு மாறாக, வெள்ளைச்சோறு, மீன் குழம்பு, பருப்பு, சொதி, பொரியல் ஆகியவை சட்டியிலிருந்து அள்ளி வைப்பவை. எத்தனை பேருக்கென்றாலும் ஒரே நேரத்தில் வந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் செய்வது இதுதான்: முதல்நாளே போய், ஆட்களின் தொகையையும் சாப்பிடும் நேரத்தையும் சொல்லி, சட்டிச் சமையலை அடிப்படையாக வைத்து ஒரே பட்டியல் கொடுத்துவிடுவேன். சோறும் பிட்டும், கொடுவா மீன் குழம்பு, நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. தாச்சியில் ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் இல்லை. எட்டு மணிக்கு என்றால் எட்டு மணி. பைட்ஸ் ஏழரைக்குப் பிறகு எடுப்பதில்லை. பட்டியலை எழுதி வாங்கி, அதைக் கோக்கியிடம் காட்டிக் கேட்டுவிட்டு வருகிற முகாமையாளர் இருக்கும் உணவகத்தைத்தான் தெரிவுசெய்கிறேன். "எல்லாம் செய்யலாம், நீங்கள் வாருங்கள்" என்று நின்ற இடத்திலேயே தலையாட்டுகிறவரிடம் முற்பணம் கொடுப்பதில்லை. இப்படிச் சொல்லிவைத்துப் போன இரவில் எல்லாக் கிண்ணங்களும் ஒரே சுற்றில் மேசைக்கு வந்தன. புபேயில் ஆளாளுக்கு எழும்பித் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். இங்கே கறிக் கிண்ணம் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது.

சொல்லிவைப்பதில் இன்னொரு நன்மை நண்டு. வாவியில் பிடிபடும் பெரிய நண்டு கொழும்புக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போகும் சரக்கு; நினைத்த நேரத்தில் உணவகத்துக்குள் நுழைகிறவருக்குச் சிறியதே மிஞ்சும். முதல்நாள் சொன்னால் மீனவரிடமிருந்து எடுத்து வைப்பார்கள். நாங்கள் போன இடத்தில் கோக்கி கூடையைக் கொண்டுவந்து, ஈரக் கயிற்றால் கொடுக்குக் கட்டிய நண்டொன்றைப் புரட்டிப் பிடித்து, காலடியில் ஓட்டைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டினார். அமுங்கினால் உள்ளே தண்ணீர், அமுங்காவிட்டால் சதை. இரண்டைத் தாமே ஒதுக்கிவிட்டு மீதியை எங்கள் முன்னாலேயே நிறுத்தார். கிலோ என்ன விலை என்பதை அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எடைக்கு விலை என்று மட்டும் போட்டிருக்கும் பட்டியலை நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்த்து அதிர்வதில் பயனில்லை.

பில்லைப் பற்றி இரண்டு வார்த்தை. சேவைக் கட்டணம் 10 வீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இரண்டையும் அறவிடும் இடத்தில் 10,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் கையிலிருந்து போவது 12,800 ரூபாவுக்குக் குறையாது. பாசிக்குடாவில் விலை கேட்கும்போது எல்லாம் உட்பட எவ்வளவு என்று கேட்பது நல்லது. வாவிக்கரையில் இடத்துக்கு இடம் வேறுபடும். சேவைக் கட்டணம் எடுக்காத இடத்தில் பரிமாறிய பையன்கள் கையில் ஏதாவது வைத்துவிட்டு வருவது நம் வழக்கம்.

வாவிக்கரையின் பலவீனம் மரக்கறிக்காரர். உறவினர் வரும் ஆடி, ஆவணி கோயில் திருவிழாக் காலம். மாமாங்கக் கோயிலில் கொடியேறினால் ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரை மச்சம் தொடாதவர்கள் எங்கள் மேசையில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு இந்த உணவகங்கள் நீட்டுவது வெஜிடபிள் பிரைட் ரைஸ் ஒன்றுதான். அதுவும் இறால் புரண்ட அதே தாச்சியிலிருந்து வந்ததா என்ற சந்தேகத்தோடு. முன்கூட்டிச் சொன்னால் புதுச் சட்டியில் தனியாகச் சமைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் மேசைக்கு அப்படியே வந்தது, ஆனால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று உறுதி கூற மாட்டேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் விரதக்காரர் என்றால் சைவக்கடையில் சொல்லி வீட்டுக்கு எடுப்பித்துவிடுங்கள்.

நாள் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பௌர்ணமி நாளான போயா தினத்தில் நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது. எனவே அன்றிரவு வாவிக்கரையில் பைட்ஸ் ஓடர்களும் இல்லை, கோக்கி முழுக்கக் குடும்ப மேசைகளுக்கே. குடிக்காத கூட்டத்துக்கு மாதத்தில் இதைவிட நல்ல இரவு கிடையாது. ஆனால் நிலவுக் காலத்து நண்டு சதையில்லாமல் கோதாக இருக்கும் என்பது மீனவர்களின் உறுதியான பேச்சு; அன்று அமுக்கிப் பார்த்து வாங்கினாலும் ஏமாற இடமுண்டு. இம்முறை எங்களுக்கு ஒத்துவந்த திகதி போயாவாக அமைந்துவிட்டதால், ஆண்களின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல், நண்டுக்குப் பதிலாக இறாலும் கொடுவாவும் சொல்லிவைத்திருக்கிறேன்.