பள்ளிக்கூட வாசலில் கமராவா, வேகத்தடையா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் நின்ற வேகக் கமராக்களுக்கு 2025 நவம்பர் 14 முதல் தடை. அவை மக்களிடம் காசு பிடுங்குகின்றன என்பது முதல்வர் டக் ஃபோர்டின் வாதம். பதிலுக்கு வேகத்தடை, சுற்றுவட்டம், பெரிய பலகை, மின்னும் விளக்கு என்று அரசு ஒரு பட்டியல் தந்திருக்கிறது. பட்டியலில் இருப்பவை நல்லவைதான். ஆனால் கமரா செய்த வேலையை அவை செய்யுமா? நான் தினமும் கார் ஓட்டும், ரொறன்ரோவின் ஸ்காபுரோ பகுதி வீதிகளை வைத்தே பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் இரண்டு வேகத்தடைகள் இருக்கின்றன. காலையில் கடவைக் காவலர் கையில் பலகையோடு நிற்கும் இடம் அது. வருகிற கார் மேட்டைக் கண்டதும் தானாகவே அடங்கும். அடங்காவிட்டால் டிக்கிச் சாமான் குலுங்குகிற சத்தம் வாசல்வரை கேட்கும். தண்டம் கேட்கும் டிக்கெற் இல்லை, கடிதம் இல்லை. அந்த நொடியிலேயே கால் பிரேக்குக்குப் போகிறது.

இந்த விஷயத்தில் கமரா பின்தங்கித்தான் போகிறது. எனக்கு ஒருமுறை டிக்கெற் வந்தது. கடிதம் கையில் கிடைப்பதற்குள் சில வாரம் ஓடிவிட்டது. அதற்கிடையில் அதே இடத்தால் எத்தனையோ தடவை போய்வந்திருப்பேன். அதோடு, தண்டம் வாகனச் சொந்தக்காரருக்குத்தான் வந்தது. ஓட்டியவரின் சாரதிப் பதிவில் தவறுக்கான டிமெரிட் புள்ளி விழவில்லை, காப்புறுதிக் கட்டணமும் ஏறவில்லை. காசு உள்ளவருக்கு அது உறைக்காது என்ற குறை நியாயமானது.

அப்போ வேகத்தடையே போதுமா? சின்னத் தெருவுக்குப் போதும். ஆனால் எல்ஸ்மியர், லோரன்ஸ், மார்க்கம் வீதி போன்றவற்றில் ரொறன்ரோ மாநகரசபை வேகத்தடை போடுவதில்லை. பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் அம்புலன்ஸும் ஓடும் பெருவீதிகள் அவை. அப்படிப்பட்ட வீதிகளின் ஓரத்திலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் நாலு, ஆறு லேன் கடந்துதான் பஸ் பிடிக்கிறார்கள். அரசின் பட்டியலில் அந்த இடத்துக்கென்று மிஞ்சுவது பலகையும் விளக்கும்தான்.

பலகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாகப் போக நினைப்பவருக்கு அது நினைவூட்டும், அவ்வளவுதான். பொலிஸ் நின்றால் எல்லோரும் அடங்குவார்கள், டிமெரிட் புள்ளியும் விழும். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் தினமும் ஒரு பொலிஸ்காரரை நிறுத்த முடியாது.

வேகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு நொடியில் 8 மீற்றருக்குச் சற்று மேல் ஓடும். பிள்ளையைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி பிடித்தாலும், காய்ந்த வீதியில் 13 மீற்றரளவில் நின்றுவிடும். 50இல் போகும் கார் அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீற்றர் போய்விடும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது.

கமரா அந்த வேகத்தைக் குறைத்ததா? ரொறன்ரோவின் சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையும் ரொறன்ரோ மெற்ரோபொலிற்றன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2025இல் வெளியானது. 250 பள்ளி வலயங்களில், கமரா வைத்த பிறகு வேக எல்லையை மீறும் வாகனங்களின் விகிதம் 45 சதவீதம் குறைந்ததாக அது சொல்கிறது. டிக்கெற் பிந்தி வந்தும் ஆட்கள் அடங்கியிருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

காசு பிடுங்கல் என்ற கோபத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லைக்கு மேல் எத்தனை கிலோமீற்றர் கூடினால் டிக்கெற் என்று ரொறன்ரோ வெளியில் சொன்னதில்லை. நியூயோர்க்கில் அது சட்டத்திலேயே இருக்கிறது: எல்லையைவிட மணிக்கு 10 மைலுக்கு மேல் கூடினால் 50 டொலர் தண்டம். 2022 ஓகஸ்டிலிருந்து அங்கே பள்ளி வலயக் கமராக்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இங்கேயும் அந்த அளவை வெளிப்படையாக அறிவித்து, பலகையை முன்கூட்டியே கண்ணில் படும்படி வைத்திருக்கலாம். திருத்தியிருக்க வேண்டியதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்கு வேகத்தடை இருக்கட்டும், அதைக் கமராவுக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். பெருவீதிக்குக் கமரா திரும்ப வரவேண்டும். பள்ளி விடும் நேரத்தில் அங்கே நின்று பாருங்கள். எதிர்ப்பக்கம் பஸ் வருவதைக் கண்ட பிள்ளை பச்சை விழும்வரை காத்திருக்காது.