ஊசிமுனைக் கண்மணியும் அகன்ற கண்மணியும்

போதை என்றதும் தள்ளாடும் கால்களைத்தான் பலரும் தேடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கண்மணியை. ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் அதை ஊசிமுனையாகச் சுருக்கிவிடும். மங்கலான அறையிலும் விரியாது. கொக்கைன், மெத்தம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகள் நேர்மாறு: நல்ல வெளிச்சத்திலும் கண்மணி அகன்றே இருக்கும். (சில கண் சொட்டு மருந்துகளும் இப்படிச் செய்யும், அவசரப்பட்டுப் பழிபோட வேண்டாம்.)

ஓபியாய்டு எடுத்தவர் பேச்சின் நடுவிலேயே தலை கவிழ்வார். கையிலிருக்கும் கரண்டி நழுவி விழ, திடுக்கிட்டு விழிப்பார். உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பார். ஊக்கி எடுத்தவருக்கோ வாய் ஓயாது, தாடை இறுகிப் பல் நறநறக்கும், பசி போய்விடும். இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல் கழித்தால், யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகமும் தொற்றிக்கொள்ளும்.

போதை கிடைக்காதபோது எல்லாம் தலைகீழ். முன்னவருக்குக் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. சளிக்காய்ச்சல் என்றே வீட்டார் ஏமாந்துபோவார்கள். பின்னவர் நாள் முழுக்கத் தூங்கி, அகோரப் பசியோடு எழுந்து, மனம் சோர்ந்து கிடப்பார்.

எனக்கு அதிக பயம் ஓபியாய்டிடம்தான். மூச்சு சத்தமில்லாமல் குறைந்து நின்றுவிடும். உதடு நீலம் பாரிக்கும். ஆனால் அதை முறிக்க நாலாக்சோன் இருக்கிறது. ஊக்கிகள் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வரவழைக்கக்கூடியவை. அவற்றுக்கு அப்படியொரு முறிவு மருந்து கிடையாது. இரண்டையும் கலந்து எடுத்தவரிடம் கண்மணியை நம்பி முடிவு கட்டாதீர்கள். மூச்சை எண்ணிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.