கிடார் வாங்கி மூன்று வருடம், எஃப் கார்டு இன்னும் சில நாள் மக்கர் பண்ணுகிறது

வாங்கின முதல் வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் "சத்தம் அருமை, பார்க்க அழகு, எல்லோரும் வாங்கலாம்" என்று முடித்திருப்பேன். இப்போது மூன்று வருடம் ஆகிவிட்டது. நடுவில் நாலு மாதம் அது பரணில் கிடந்தது, அந்தக் கதையும் இதில் வரும்.

என்னுடையது ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிடார். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடார் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆரம்பத்துக்கு அதுதான் நல்லது என்று பலர் சொன்னார்கள். விரலுக்கு மெத்தென்று இருப்பது உண்மை. ஆனால் அதன் கழுத்து அகலம், நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டை) இருக்கும் இடத்தில் சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் கிடாரில் 43 பக்கம்தான் வரும். என் கை சின்னது, எனக்கு ஆசையும் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்கவைக்கும் பிடி) பிடித்துப் பாடுவதில்தான், அதனால் ஸ்டீலே போதும் என்று முடிவு பண்ணினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. (கிளாசிக்கல் கிடார் வைத்திருப்பவர்கள் சத்தம் வேண்டுமென்று அதில் ஸ்டீல் கம்பியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த இழுப்பைத் தாங்குகிற மாதிரி அதைச் செய்யவில்லை, உடல் பக்கம் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.)

முதல் மாதம் விரல்நுனி எரிச்சல்தான். வலிக்க வலிக்க வாசித்தால் சீக்கிரம் காய்த்துவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் விடாமல் வாசித்தேன். கொப்புளம் வந்து ஐந்து நாள் கிடாரைத் தொட முடியவில்லை. அப்புறம்தான் காலையில் பதினைந்து நிமிடம், ராத்திரி பதினைந்து நிமிடம் என்று மாற்றினேன், மூன்றாவது வாரத்தில் காய்த்தது. குளித்த கையோடு வாசிக்காதீர்கள், தோல் ஊறியிருக்கும், கம்பி பதிந்து கிழிக்கும். நுனி எரிந்தால் பரவாயில்லை, ஆனால் மணிக்கட்டோ கட்டைவிரல் மூட்டோ வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். அது பழகப் பழகப் போகிற வலி இல்லை, பிடிக்கிற விதம் தப்பு என்று அர்த்தம்.

ட்யூனிங், அதாவது ஸ்ருதி சேர்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. தலையில் கவ்விக்கொள்ளும் கிளிப் ட்யூனர் ஒன்று இருந்தால் போதும். நான் இரண்டாவது நாளே ஒரு கம்பியைத் தட்டிக்கொண்டு வேறொரு கம்பியின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன், ட்யூனரில் முள் அசையவே இல்லையே என்று இன்னும் திருக, கடைசிக் கம்பி பட்டென்று அறுந்து கையில் அடித்தது. எந்தச் சாவி எந்தக் கம்பிக்கு என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருகுங்கள், அவ்வளவுதான்.

சரி, எஃப் கார்டுக்கு வருவோம். இ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி எல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் ஒருவழியாக வந்துவிட்டன. எஃப் மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும், அமுக்கினால் பாதிக் கம்பி ஊமையாக டொக் டொக்கென்கிறது. எல்லோரும் "பழகினால் வரும்" என்றார்கள். எட்டு மாதம் பழகினேன். வரவில்லை. என் விரலே கிடாருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டி, உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

நாலு மாதம் கழித்து, பல வருடமாக வாசிக்கிற நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது, சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்துக் கொடுத்தேன். ஸ்ருதி சேர்த்து நாலு கார்டு வாசித்தான், எஃப் பிடித்ததும் முகத்தைச் சுளித்தான். "டேய், இதுல எஃப் புடிச்சா எனக்கே கை வலிக்குது." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஸ்கேல் எடுத்து 12-ஆவது ஃப்ரெட்டில் அளந்தோம். தடித்த இ கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். அந்த இடத்தில் இரண்டு, இரண்டரை இருந்தால்தான் வாசிக்க வசதி, மெல்லிய கம்பிப் பக்கம் அதைவிடவும் குறைவாக. இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். அப்புறம் மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கச் சொன்னான். மயிரிழைதான் இருக்க வேண்டும், என்னுடையதில் கனத்த அட்டை ஒன்று தாராளமாக நுழைந்தது. அதாவது நட்டின் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லை. முதல் ஃப்ரெட்டில் அமுக்குவது கஷ்டமாவதற்கு இதுதான் பெரிய காரணம், எஃப் இருப்பதும் அங்கேதான்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். நட்டின் பள்ளங்களை அரம் போட்டு ஆழமாக்கினார், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலை அடிப்பக்கம் தேய்த்துக் குறைத்தார். 12-ஆவது ஃப்ரெட் சரியாகக் கம்பியின் பாதி தூரத்தில் இருப்பதால் அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மாட்டிப் பார்த்துத்தான் செய்தார். இதை வீட்டில் நானே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: சேடில் போனால் புதிது மாற்றிக்கொள்ளலாம், நட் பள்ளத்தை அளவுக்கு மேல் அறுத்துவிட்டால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசி விர்ரென்று இரையும். நான் தொடவில்லை. கூடவே 12 கேஜ் கம்பியை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய 11 போட்டுக்கொண்டேன்.

இனி எஃப் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை! பாதித் தப்பு கிடார் மேல், மீதிப் பாதி என் மேல்தான். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் நசுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த விரல் ஒலிக்கவைக்க வேண்டியது ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி (மெல்லிய கம்பிதான் முதலாவது) மூன்றை மட்டும்தான், நடுவில் இருக்கிற மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி எலும்புள்ள ஓரத்தால் அமுக்கினேன், முழங்கையை உடம்போடு ஒட்டினேன். இன்னொன்று, அதே பிடியை முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகினேன். அங்கே அது ஏ கார்டு. நட்டுக்குப் பக்கத்தில்தான் கம்பி முரண்டு பிடிக்கும், தள்ளிப்போனால் இளகிக் கொடுக்கும். ஐந்திலிருந்து நாலு, மூன்று என்று இறங்கிவந்து இரண்டு வாரத்தில் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பியும் பேசியது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், ஒரே ஒரு கார்டைத் திரும்பத் திரும்ப. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கார்டு மாற்றுவதுதான் அடுத்த தலைவலி. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டியும் நடுவிரலும் அசையவே வேண்டியதில்லை, மோதிரவிரல் மட்டும் இடம் மாறினால் போதும். நான் மாதக்கணக்கில் மூன்றையும் தூக்கித் தூக்கி வைத்தேன். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதிவைத்தது உதவியது. சி-ஜி முதல் நாள் 11, ஒரு மாதத்தில் 30-ஐத் தாண்டியது.

அதைவிட மோசம் வலது கை. போனில் பதிவு பண்ணிக் கேட்கும்வரை எனக்குத் தெரியவே இல்லை: ஒவ்வொரு தடவை கார்டு மாறும்போதும் கை நின்று, இடது கை உட்காரும்வரை காத்திருந்து, அப்புறம் கிளம்பியது. பாட்டு நொண்டியது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, இடது கை தப்பினாலும் வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று பழகினேன். ஒரு தட்டில் கார்டு பிசகினால் கேட்பவர் கவனிப்பதில்லை, தாளம் நின்றால் கூடப் பாடுகிறவரும் நின்றுவிடுவார்.

மற்றபடி, கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளைக் குறுக்கே அமுக்கும் கிளிப்) வாங்கியது நல்ல செலவு, பாடுகிறவர் ஸ்ருதிக்கு அதே கார்டுகளை வைத்துக்கொண்டே ஏறிக்கொள்ளலாம். கம்பியை முதல் வருடம் முழுக்க மாற்றாமலே வைத்திருந்தேன், துருப்பிடித்துச் சத்தம் மங்கிப்போனதுகூடத் தெரியவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டாண்டில் வெளியே வைத்த பிறகுதான் தினமும் கை அதைத் தேடிப் போகிறது. பி மைனர் மெதுவாக வருகிறது, பி ஃப்ளாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போன வாரம் அக்கா மகள் தன்னுடைய புதுக் கிடாரோடு வந்தாள். "மாமா, என் விரல் ரொம்பச் சின்னது, எஃப் வரவே மாட்டேங்குது" என்றாள். நான் விரலைப் பார்க்கவில்லை, மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிவிட்டு முதல் ஃப்ரெட்டைக் குனிந்து பார்த்தேன். மயிரிழை இடைவெளி. 12-ஆவதிலும் அளந்தேன், கச்சிதம். கிடார் மேல் ஒரு தப்பும் இல்லை என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.